கொங்கு நாட்டின் கோடைப் பயணங்கள்

கோயம்புத்தூரின் கோடையை ஒரு கணவாய் தீர்மானிக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து வழிவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவை நகரில் சித்திரை மாதப் பகல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். மாலையில் கணவாய்க் காற்று வந்து வெக்கையைக் கொஞ்சம் தணிக்கும். வைகாசிக் கடைசியில் அதே காற்று தென்மேற்குப் பருவமழையின் சாரலைக் கொண்டுவரும். ஆனால் அந்த மழையின் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்கிறது. சமவெளிக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். நொய்யல், சிறுவாணி, பவானி, ஆழியாறு, அமராவதி ஆகிய எல்லாமே மேற்கிலும் தெற்கிலும் உள்ள மலைகளில் பிறந்து வருபவை. வெயில் ஏற ஏறக் கொங்கு மக்களின் கண் மலைப் பக்கம் திரும்புவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கோடை விடுமுறையில் கோவைக்கு வருபவர்கள் இன்று பார்க்கும் இடங்கள் பல: பேரூர், மருதமலை, வெள்ளியங்கிரி, கோவைக் குற்றாலம், காஸ் வன அருங்காட்சியகம், மேட்டுப்பாளையத்து மலை ரயில், ஆழியாறு அணை, டாப்சிலிப், வால்பாறை. இவற்றில் வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஏற்பட்டது அநேகமாக ஒன்றுமில்லை. கோயில்கள் வழிபாட்டுக்காகவும், அணைகள் பாசனத்துக்காகவும், அருங்காட்சியகம் வனவியல் மாணவர்களின் பாடத்துக்காகவும், ரயில் பாதை தோட்டத் துரைமார்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் உண்டானவை. சுற்றுலாப் பயணி கடைசியாக வந்து சேர்ந்தவர். உழைப்பும் வழிபாடும் முன்னே போய் வழி போட்டன. ஓய்வு பின்னால் வந்தது. கொங்கு நாட்டுக் கோடைப் பயணத்தின் வரலாற்றில் அண்மைக் காலம் வரை இந்த வரிசை பெரும்பாலும் மாறவில்லை.

வழி என்பதே இங்கு மிகப் பழையது. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கணவாய் வழியே வந்த வணிகப் பாதை நொய்யல் கரையை ஒட்டிக் கிழக்கே சென்றது. நகருக்கு அருகே வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் மணி செய்யும் தொழில் அங்கே செழித்திருந்ததைக் காட்டின. சுண்டக்காமுத்தூருக்கு அருகே பாறையில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று இராசகேசரிப் பெருவழியைக் குறிப்பிடுகிறது. தமிழிலும் வட்டெழுத்திலும் அமைந்த அது முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பது அறிஞர் கருத்து. ஒரு நெடுஞ்சாலைக்கு அரசன் பெயரிட்டுக் கல்லிலும் பொறித்து வைத்த இடம் நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும், அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

மக்கள் கோடையில் கூட்டமாகப் புறப்பட்ட முதல் பயணங்கள் கோயிலை நோக்கியவை. பங்குனியில் அறுவடை வேலைகள் ஓய்ந்து, காளைகளுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும் நேரத்தில் ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி சாட்டுவார்கள். கம்பம் நட்டு, இரவெல்லாம் கம்பத்தைச் சுற்றி ஆடி, பூவோடு எடுத்து, குண்டம் இறங்கி, கடைசி நாளில் மஞ்சள் நீராடி முடியும் இந்த நோம்பிகள் பெரும்பாலும் பங்குனியிலும் சித்திரையிலுமே வருகின்றன. அம்மை முதலான வெயில்கால நோய்களுக்கு அஞ்சிய காலத்தின் வழிபாடு இது. ஈரோட்டுப் பெரிய மாரியம்மன், சத்தியமங்கலம் காட்டோரத்துப் பண்ணாரி அம்மன், கோவை நகருக்குள் இருக்கும் தண்டு மாரியம்மன் ஆகிய மூன்று கோயில்களுக்கும் இந்த மாதங்களில் திரளும் கூட்டம் இன்றும் குறையவில்லை. சித்திரையில் அவிநாசித் தேர். வளையல், பொரி, மரப் பொம்மை, ராட்டினம் என்று விரியும் தேர்க்கடைகள்தாம் பல தலைமுறைக் கொங்குக் குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையின் முதல் வேடிக்கை.

பழனிப் பயணம் இவற்றைவிட நீளமானது. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு மக்கள் கொடுமுடிக்குச் சென்று, காவிரியில் நீராடி, தீர்த்தக் குடங்களைக் காவடியாகக் கட்டிப் பழனிக்கு நடக்கிறார்கள். போகர் செய்ததாகச் சொல்லப்படும் நவபாஷாணத் திருமேனியைக் கோடையில் காவிரி நீரால் குளிர்விப்பதே இந்தக் காவடியின் நோக்கம். அடுத்து அக்னி நட்சத்திரக் கழு. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் சேர்ந்த அந்த இரண்டு வாரம், காலையிலும் மாலையிலும் பழனி மலையைச் சுற்றி வருவது வழக்கம். பெண்கள் கடம்பப் பூவைத் தலையில் சூடிக்கொள்வார்கள். கடுமையான வெயிலில், மரமும் மூலிகையும் நிறைந்த மலையைச் சுற்றி வீசும் காற்று உடலுக்கு நல்லது என்பது மக்கள் நம்பிக்கை. ஆண்டிலேயே மிகச் சூடான பதினான்கு நாளை வீட்டுக்குள் முடங்கிக் கழிக்காமல், மலையைச் சுற்றிவரும் நாளாக மாற்றிக்கொண்டவர்களின் வழக்கம் இது.

இந்தப் பழனிப் பாதையிலேயே கொங்கு நாட்டின் பேருந்து வரலாறும் தொடங்குகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920இல் தம் முதல் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்த ஒரு வண்டி வளர்ந்து யுனைடெட் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. 1930களில் அந்த நிறுவனத்திடம் இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் இருந்தன. கூண்டு வண்டியில் கட்டுச்சோற்றோடு இரண்டு மூன்று நாளாகப் போன குடும்பங்கள் காலையில் ஏறி உச்சிக்கால பூசைக்குப் பழனி சேர முடிந்தது அதற்குப் பிறகுதான்.

கோடைக்கென்றே அமைந்த மலைப் பயணம் வெள்ளியங்கிரி. நகரிலிருந்து மேற்கே, பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை ஏறினால் உச்சியில் பாறைகளின் இடுக்கில் சுயம்புலிங்கம். தென்கயிலாயம் என்று மக்கள் போற்றும் இந்த மலையில் மழைக்காலத்தில் ஏற முடியாது; காடு யானைகளுடையது. எனவே மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டி பிப்ரவரியில் தொடங்கி மே மாத இறுதி வரை மட்டுமே வனத்துறை அனுமதிக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று கூட்டம் உச்சம் தொடும்.

ஏறுபவர்கள் அடிவாரத்தில் முதலில் வாங்குவது ஒரு மூங்கில் தடி. வெயிலுக்கு முன் உச்சி சேர வேண்டும் என்பதால் இரவில் புறப்படுவார்கள். முதல் மலையில் கற்படிகள் உண்டு. அதுவே மிகச் செங்குத்து. புதிதாக வருபவர்கள் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிடுவதும் அங்கேதான். வெள்ளை விநாயகர் கோயிலைத் தாண்டினால் வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, பீமன் களியுருண்டை, ஆண்டி சுனை என்று பெயர்கள் தொடர்கின்றன. இடையில் ஒரு மலையின் மண் வெளிறி இருக்கும். திருநீற்று மலை என்ற அதன் மண்ணைப் பக்தர்கள் நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். ஆண்டி சுனையின் நீர் சித்திரையிலும் பல் கூசும் குளிர்ச்சி. அதற்கு மேலே மரம் குறைந்து புல்வெளி தொடங்கும். காற்று நிற்க விடாது. இறங்கும்போது முழங்கால் நடுங்கத் தொடங்கிய பிறகு தடியின் அருமை முழுதாகத் தெரியும். பலர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று பூசை அறையில் வைத்திருந்து, மறு ஆண்டும் கொண்டுவருவார்கள். நொய்யலின் ஊற்றுகள் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. கோவையைச் சுற்றியுள்ள குளங்களை நிரப்பும் ஆறு பிறக்கும் இடத்துக்கே ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் நடந்து போய் வருகிறார்கள் என்பதாலேயே இது மற்ற யாத்திரைகளிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் ஏறும் வழியில் மூச்சுத் திணறி உயிரிழந்தவர்கள் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது.

அதே நொய்யலின் கரையில் இருப்பது பேரூர். பட்டீசுவரர் கோயிலைக் கரிகாலனோடு தொடர்புபடுத்திப் பேசுவது மரபு. கச்சியப்ப முனிவர் இதற்குத் தலபுராணம் பாடினார். இறவாப் பனை, பிறவாப் புளி என்ற இரண்டு மரங்களைச் சொல்லாமல் பேரூரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது கனகசபை. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அளகாத்ரி நாயக்கர் கட்டிய இந்த மண்டபத்தின் தூண்களில் அகோர வீரபத்திரர், அக்கினி வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர், யானையை உரித்த பெருமான் ஆகியோர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். யானையின் தோலைக் கிழித்து விரிக்கும் கைகளின் இழுப்பு கல்லில் தெரியும். அதன் மடிப்புக்குள் இருக்கும் யானையின் தலையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் குனிய வேண்டும். விதானத்திலிருந்து தொங்கும் கல் சங்கிலியின் வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்படி செதுக்கப்பட்டவை. ஆனியில் இங்கே நாற்று நடவு விழா. இறைவனும் அம்மையும் வயலில் நாற்று நட்டதாகச் சொல்லும் கதையைக் கோடை முடிந்து உழவு தொடங்கும் மாதத்தில் நடத்திக் காட்டும் அந்த விழா, பேரூர் யாருடைய கோயில் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

மருதமலையை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். பாம்பாட்டிச் சித்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குகையும் அங்கே உண்டு. நெடுங்காலம் சிறிய மலைக்கோயிலாக இருந்த அது பெருங்கூட்டம் வரும் தலமாக மாறியதில் திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரின் பங்கு பெரிது. தம் படங்களின் வருமானத்திலிருந்து அவர் செய்த திருப்பணிகளை இன்றும் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. 1972இல் வெளிவந்த அவருடைய ‘தெய்வம்’ படம் மருதமலையைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தது.

வெயிலுக்குத் தப்பி மலையில் போய்த் தங்குவது என்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் கொண்டுவந்தது. அது தொடங்கியதும் கோயம்புத்தூரிலிருந்துதான். 1804இல் உருவான கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் நீலகிரி மலை ஏறினார். கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் வீடு கட்டினார். உடல் நலிந்திருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ அந்த மலையில் தங்கித் தேறியது, மலையின் தட்பவெப்பத்துக்கு வெளியுலகில் பேர் வாங்கித் தந்தது. சிறுமுகையிலிருந்து திம்பட்டி வரை 1821 முதல் 1823 வரை பாதை வெட்டப்பட்டது. பின்னர் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். அங்குள்ள ஏரி 1823 முதல் 1825 வரை அமைக்கப்பட்டது. மலைப் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலங்கள் சொற்ப விலைக்குக் கைமாறிய வரலாறும் இந்த ஆண்டுகளிலேயே தொடங்குகிறது. ஊட்டியின் அழகைப் பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடை மாதங்களுக்கு ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. 1848இல் டபிள்யூ.ஜி. மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் 1896 முதல் மலர்க் கண்காட்சி. குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874இல் ஏற்பட்டது. மே மாதப் பழக் கண்காட்சி இப்போது அங்கேதான் நடக்கிறது.

சமவெளியிலிருந்து இத்தனை பேரும் ஏறிப் போகவும், உருளைக்கிழங்கும் காபியும் தேயிலையும் இறங்கி வரவும் வழி தேவைப்பட்டது. சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862இல் போத்தனூர் வழியாக முழுமை பெற்றது. போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் ரயில் ஓடியது. கோவை நகரம் ரயிலைக் கண்டதே ஊட்டிக்குப் போகும் பாதையின் ஒரு நிறுத்தமாகத்தான். மேட்டுப்பாளையத்துக்கு மேலே குதிரை வண்டியும் மட்டக்குதிரையும் பல்லக்கும் மாட்டு வண்டியும். மலைரயில் யோசனை 1854இலேயே எழுந்தாலும் வேலை தொடங்கியது 1891இல். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் ரயில் ஓடியது.

அந்தப் பாதையின் வேலைப்பாட்டை அருகில் இருந்து பார்ப்பது நல்லது. கல்லாறு நிலையம் வரை அது சாதாரண மீட்டர்கேஜ் பாதை. கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்கள் இரண்டுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு தோன்றும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை பதிக்கப்பட்டிருக்கும்; இன்ஜினின் அடியில் உள்ள பற்சக்கரங்கள் ஏதேனும் ஒரு பல்லை எப்போதும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே காரணம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் பட்டறையில் செய்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு வழக்கமான சக்கரங்களை ஓட்டும், இரண்டு பற்சக்கரத்தை. ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு ஒரு பிரேக்காரர் நிற்பார். முன்னால் பாதையில் யானையோ விழுந்த மரமோ இருந்தால் பின்னாலிருக்கும் ஓட்டுநருக்குச் சைகை காட்டுவது அவர் பொறுப்பு. ஹில்குரோவ், ரன்னிமீடு போன்ற இடங்களில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பயணிகள் இறங்கி நிற்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டருக்கு ஏறும் 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் வரை ஆகும். வழியில் 16 சுரங்கப் பாதைகள், ஏறத்தாழ 250 பாலங்கள். பேருந்தில் அதைவிட வேகமாகப் போகலாம். ஆனால் அடிவாரத்துப் பாக்குத் தோப்பு மறைந்து, காடு வந்து, தேயிலை தொடங்குவதை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டக்கூடிய வேகம் இந்த ரயிலுடையது மட்டுமே. யுனெஸ்கோ 2005இல் இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சாலை வழியாகப் போகிறவர்கள் பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தானும் துரியனும் வாங்குவது வழக்கம். இந்தப் பழமரங்களும் வெள்ளையர் காலத்துச் சோதனைப் பண்ணைகளின் மிச்சமே.

நகருக்குள் இருக்கும் இடங்களின் கதையும் இதே காலத்தைச் சேர்ந்தது. சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கோவைக்கு வந்தது; 1909இல் ஆளுநர் லாலி திறந்துவைத்த அதன் செங்கல் கட்டடமும் அதைச் சுற்றிய மரங்களும் இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முகம். பக்கத்திலேயே 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம். பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இல் வெளிவந்து வட இந்தியக் கரும்பு வயல்களையே மாற்றியது. பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தாவரவியல் பூங்காவும் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடையில் தவறாமல் காட்ட வேண்டியவை.

வனப் பாதுகாவலர் எச்.ஏ. காஸ் 1902இல் தொடங்கிய அருங்காட்சியகம் 1915 முதல் கௌலி பிரவுன் சாலையில், வனக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. வனவர்களுக்குப் பாடம் சொல்லச் சேர்த்த பொருள்கள் என்பதால் அலங்காரம் கிடையாது. ஈட்டி, தேக்கு, வேங்கை என்று மரவகைகள் வெட்டுமுகம் தெரிய வரிசையாக அடுக்கியிருக்கும். பாடம் செய்த காட்டெருமை, குப்பிகளில் பாம்புகள், வண்டுகள், காட்டு விளைபொருள்கள். நூறாண்டுக்கு முந்தைய ஒரு வகுப்பறை அப்படியே நிற்கும் இடம் என்பதால் தமிழ்நாட்டில் இதற்கு இணை சொல்வது கடினம்.

கோவை மத்திய சிறையில் 1908 முதல் 1910 வரை வ.உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். அவர் பெயரைத் தாங்கிய பூங்காவும் அதன் பொம்மை ரயிலும், கோடை மாதங்களில் நடக்கும் அரசுப் பொருட்காட்சியும் கோவையில் வளர்ந்த எவருக்கும் மறக்காதவை. பூங்காவில் இருந்த சிறிய உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022இல் ரத்து செய்தது. விலங்குகளுக்குப் போதிய இடமில்லாத நிலையில் அது சரியான முடிவு. ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளைக் காட்டும் கூடமும், 2015இல் திறந்த கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

குடிநீர்க் கதை தனியாகச் சொல்லத்தக்கது. நகரசபை 1866இல் ஏற்பட்ட பின்னும் கோவைக்குக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் தீரவில்லை. சிறுவாணி நீரைக் கொண்டுவரலாம் என்று விடாமல் எடுத்துச் சொன்னவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. ‘கோயமுத்தூர் கலாநிதி’ பத்திரிகை நடத்தியவர். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போனவர். வட இந்தியப் பயணங்களைத் தமிழில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். அவர் 1922இல் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பிறகே சிறுவாணி நீர் நகரக் குழாய்களுக்கு வந்தது. அந்த மலைச்சரிவில் இருக்கும் கோவைக் குற்றாலம் இன்று நகரத்துக்கு மிக அருகிலுள்ள அருவி. சாடிவயல் சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக் காட்டுக்குள் போக வேண்டும். கோடையில் நீர் மெலிந்து விழும். பருவமழை வலுத்தால் வெள்ளத்துக்கு அஞ்சி மூடிவிடுவார்கள்.

விடுதலைக்குப் பிறகு கட்டிய அணைகள் சாதாரணக் குடும்பங்களுக்கு ஒரு புதிய வகைப் பயணத்தைத் தந்தன. பவானிசாகர் 1955இல் முடிந்தது, அமராவதி 1957இல், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் ஆழியாறு அணை 1960களில். ஒவ்வொன்றின் காலடியிலும் பொதுப்பணித் துறை ஒரு பூங்கா அமைத்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஊட்டியில் அறை எடுத்துத் தங்கும் வசதி இல்லை. காலையில் பேருந்து ஏறி, அணையைப் பார்த்து, மரத்தடியில் உண்டு, மாலையில் திரும்பும் பயணம் அவர்களுக்கு எட்டியது. தூக்குப்போசியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். வழியில் நுங்கும் பதநீரும். அணைகளுக்கெல்லாம் மூத்தது கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே பவானி ஆற்றின் குறுக்கே நிற்கும் கொடிவேரி. தாழ்வான தடுப்பின் மேல் வழிந்து விழும் நீரில் குளித்துவிட்டு, கரையில் சுடச்சுடப் பொரித்த ஆற்று மீன் தின்பதற்கென்றே ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருவார்கள். நீரின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஆளைத் தள்ளக்கூடியது. தடுப்புக் கம்பிகளைத் தாண்டுவது ஆபத்து.

ஆனைமலையில் முதலில் நுழைந்தது மரம் வெட்டும் தொழில். கப்பல் கட்டுவதற்காகத் தேக்கு மரங்களை வெட்டி மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடமே டாப்சிலிப். 19ஆம் நூற்றாண்டில் காடு மொட்டையாகும் நிலைக்கு வந்தபின், ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி அடிமரத்தை விட்டு வெட்டித் துளிர்க்க விடும் முறையாலும் புதிய நடவாலும் தேக்குக் காட்டை மீட்டார். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை அங்கேயே மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்கு மரங்களின் நடுவே இருக்கிறது. கோழிகமுத்தி யானை முகாமைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கல்லறை வரை நடப்பது நல்லது. இந்தக் காடுகள் 2007இல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாயின. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கார்வர் மார்ஷ் முதலிய தோட்டக்காரர்கள் 1890களில் அங்கே காட்டை அழித்துத் தேயிலையும் காபியும் வைத்தார்கள். சமவெளி வறட்சியில் இருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் அந்தத் தோட்டங்களில் பட்ட பாடு, ஒன்பதாம் வளைவில் நின்று ஆழியாற்றைப் பார்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது.

1990களில் மேட்டுப்பாளையத்து அடிவாரத்தில் நீர் விளையாட்டுப் பூங்கா வந்தது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 112 அடி உயர ஆதியோகி சிலை 2017 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பார்க்கப்படுவதற்கென்றே ஏற்பட்ட இடங்கள் கொங்கு நாட்டில் பெரும்பாலும் இந்த முப்பது ஆண்டுகளில்தான் எழுந்தன. காரும் அப்போதுதான் பெருகியது. மே மாதத்தில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை வாகனங்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் நிலை வந்தபின், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது நீதிமன்றம். மலை தாங்கும் அளவுக்குத்தான் மனிதர் ஏற வேண்டும் என்ற விதி வெள்ளியங்கிரிக்கு ஆண்டின் மாதக் கணக்கில் முன்பே உண்டு. ஊட்டிக்கு அது இருநூறு ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

கோடையில் கோவைக்கு வந்து ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள், ஊட்டிக்கு ஓடிச் சாலையிலேயே பொழுதைக் கழிக்க வேண்டாம். காலையில் பேரூர்க் கனகசபை, வெயில் ஏறியபின் காஸ் அருங்காட்சியகம், மாலையில் மருதமலை. மூன்றும் நகரப் பேருந்து போகும் இடங்கள். இரண்டாவது நாள் கிடைத்தால் மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணியளவில் புறப்படும் மலை ரயிலுக்கு முன்பே சீட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.